வீணாய்ப் போன ஆண்டுகளா அவை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய உங்கள் தொடரில் சென்ற இதழில், அடிமை முறையை எதிர்த்த காங்கிரஸ் உறுப்பினர் தேடியஸ் ஸ்டீவன்ஸ் வந்திருக்கிறார். சந்தோஷமாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். "சட்டம் படித்தும் மாநில அரசியலில் பல ஆண்டுகளை வீணடித்தவர், வாஷிங்டன் வந்த பிறகே வரலாற்றில் இடம் பிடித்தார்" என்ற வரி வந்ததும் மேலே படிக்க மனம் வரவில்லை.

அவர் சட்டம் படித்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1792இல் வெர்மான்ட்டில், ஒரு பாதம் வளைந்து பிறந்த பிள்ளை. அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா பாடுபட்டுப் படிக்க வைத்தார். பிறகு பென்சில்வேனியாவின் யார்க் நகரில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே ஒரு வக்கீலிடம் சட்டம் படித்தார். வேறு வேலை பார்த்துக்கொண்டு சட்டம் படிப்பவர்களைச் சேர்ப்பதில்லை என்று அந்த ஊர் வக்கீல்கள் தீர்மானம் போட்டதால், எல்லை தாண்டி மேரிலாந்து போய் 1816இல் வக்கீலானார்.

சரி, அந்த 'வீணான' ஆண்டுகளுக்கு வருகிறேன். 1833இல் பென்சில்வேனியா மாநில சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அடுத்த ஆண்டே எல்லாப் பிள்ளைகளுக்கும் வரிப்பணத்தில் பள்ளி என்ற சட்டம் வந்தது. அதுவரை இருந்த 1809ஆம் ஆண்டுச் சட்டப்படி, இலவசமாகப் படிக்க வேண்டுமானால் பெற்றோர் தங்களை ஏழை என்று பதிந்துகொள்ள வேண்டும். புது வரியைக் கண்டதும் ஊரே கொதித்தது. ரத்து செய்யச் சொல்லி மனுக்கள் குவிந்தன. மேலவை ரத்துக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டது. 1835 ஏப்ரல் 11 அன்று கீழவையில் ஸ்டீவன்ஸ் எழுந்து பேசினார். குற்றவாளியைத் தண்டிக்க முகம் கோணாமல் வரி கட்டுகிறவர், ஒருவன் குற்றவாளி ஆகாமல் தடுக்கும் பள்ளிக்குக் கட்ட மட்டும் ஏன் கத்துகிறார் என்று கேட்டார். இந்த ரத்துச் சட்டத்துக்கு 'ஏழைகளுக்குச் சூடு போட்டு அடையாளம் வைக்கும் சட்டம்' என்று பெயர் வையுங்கள் என்றார். பள்ளிச் சட்டம் பிழைத்தது. அதில் கையெழுத்திட்ட கவர்னர் ஜார்ஜ் வுல்ஃப் எதிர்க்கட்சிக்காரர். அவரையும் அந்தப் பேச்சில் மனம் திறந்து பாராட்டினார் ஸ்டீவன்ஸ்.

நான் படித்த பள்ளியில் "இலவச நோட்டு வாங்குறவங்கல்லாம் எழுந்து நில்லுங்க" என்பார்கள். எழுந்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியின் முகத்தைப் பார்க்க முடியாமல் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அதனால்தான் அந்தச் சூடு எப்படிப்பட்டது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்று ஸ்டீவன்ஸ் வாழ்ந்த லான்கஸ்டரில் இருக்கிறேன். ஜூலையில் பள்ளி வரி நோட்டீஸ் வரும்போதெல்லாம் "எனக்குப் பிள்ளையே இல்லை, நான் ஏன் கட்டணும்?" என்று அலுத்துக்கொள்பவர்களைப் பார்க்கிறேன். ஸ்டீவன்ஸ் கல்யாணமே செய்துகொள்ளாதவர். என் மகள் யாரிடமும் எதையும் நிரூபிக்காமல், எழுந்து நிற்காமல், அவர் காப்பாற்றிய பள்ளி முறையில் படிக்கிறாள்.

1821இல் சாரிட்டி பட்லர் என்ற அடிமைப் பெண் விடுதலை கேட்டுப் போட்ட வழக்கில் ஸ்டீவன்ஸ் எஜமானன் பக்கம் வாதாடி ஜெயித்ததற்கு ஒரு முழுப் பத்தி கொடுத்திருக்கிறீர்கள். எழுத வேண்டியதுதான், அது பெரிய கறை. ஆனால் 1838இல் மாநில அரசியலமைப்பைத் திருத்தி, வெள்ளையருக்கு மட்டுமே வாக்குரிமை என்று ஆக்கியபோது அதில் கையெழுத்துப் போட மறுத்தாரே, அதற்கு ஒரு வரி கிடையாதா? அதுவும் அதே மாநில அரசியல்தான்.

எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகை வருகிறது. அந்த உரிமையில் சொல்கிறேன். அமெரிக்கா என்றால் உங்களுக்கு எப்போதும் வாஷிங்டனும் ஜனாதிபதிகளும்தான். முன்பு இந்த ஊரைப் பற்றி எழுதியபோதும் நவீன வசதிகளைத் தவிர்த்து வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் குதிரை வண்டிகளோடு முடித்துவிட்டீர்கள். அப்போது நான் எழுதிய கடிதத்தில் பாராட்டிய வரிகளை மட்டும் போட்டு மீதியை வெட்டிவிட்டீர்கள். வெட்டியதில்தான் ஸ்டீவன்ஸின் கல்லறை இருந்தது. மற்ற இடுகாடுகளின் விதிகள் இனம் பார்த்ததால், எல்லா இனத்தாரையும் ஏற்ற இந்தச் சிறிய இடுகாட்டை அவரே தேர்ந்தெடுத்தார். அந்தக் காரணத்தைக் கல்லிலும் எழுதச் சொன்னார். 1868இல் இறந்தவரின் அந்த வரிகளை இன்றும் மல்பெரி தெருவும் செஸ்ட்நட் தெருவும் சந்திக்கும் இடத்தில் போய்ப் படிக்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தொடர் புத்தகமாக வரும்போது 'வீணடித்தவர்' என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 1835இல் அவர் காப்பாற்றிய பள்ளிச் சட்டத்தைப் பற்றி இரண்டு வரி சேருங்கள். கல்லறையின் படம் வேண்டுமானால் நானே எடுத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தையாவது வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லான்கஸ்டர், பென்சில்வேனியா