புளியந்தீவின் பழைய வங்கிக் கட்டடத்துக்குச் சீமெந்து பூசாதீர்கள்

வங்கியின் பணிப்பாளர் சபைக்கும், கிளை முகாமையாளர் அவர்களுக்கும், மட்டக்களப்பு மாநகர சபையினருக்கும்,

வணக்கம்.

புளியந்தீவில் உள்ள உங்கள் பழைய கிளைக் கட்டடத்தின் முன்பக்கம் சாரம் கட்டியாகிவிட்டது. பழைய சுண்ணாம்புச் சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டுச் சீமெந்து பூசப்போவதாகவும், முகப்பை அலுமினியப் பலகையால் மூடப்போவதாகவும் அங்கே வேலை செய்கிற மேசன்மார் சொல்கிறார்கள். இடிக்கவில்லை, புதுப்பிக்கிறோம் என்பது உங்கள் பதிலாக இருக்கலாம். கட்டடங்களை அளந்து வரைவதையே தொழிலாகக் கொண்டிருந்த படவரைஞன் நான். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: இந்தப் புதுப்பிப்பு அந்தச் சுவர்களை உள்ளிருந்து தின்றுவிடும்.

செங்கல்லும் முருகைக்கல் என்கிற பவளப்பாறைக் கல்லும் கலந்து சுண்ணாம்புச் சாந்தால் எழுப்பிய சுவர் அது. புளியந்தீவைச் சுற்றிலும் வாவி. கொஞ்சம் தோண்டினாலே நீர், அந்த நீரில் உப்பு. அடித்தளத்திலிருந்து ஈரம் சுவருக்குள் ஏறிக்கொண்டேயிருக்கும். பழைய மேசன்மாருக்கு அது தெரியும். சுண்ணாம்புச் சாந்தின் நுண்துளைகள் வழியாக ஏறிய ஈரம் வெளியே வந்து காற்றில் உலர்ந்துவிடும். உப்பு மேற்பரப்பில் பூத்து உதிரும். பூச்சை அவ்வப்போது புதுப்பித்தால் போதும், கல்லுக்குச் சேதமில்லை. சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் பின்னால் தேங்கி இன்னும் உயரத்துக்கு ஏறும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உடைக்கும்.

நம்பாவிட்டால் பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். முன்பொருமுறை சீமெந்து பூசிய துண்டு ஒன்று அங்கே இருக்கிறது. முழங்கால் உயரத்தில் பூச்சு பொருக்காக எழும்பி நிற்கிறது. அதை விரலால் நெம்பினால் பின்னாலிருக்கும் செங்கல் சிவப்பு மாவாகக் கொட்டுகிறது. சில அடி தள்ளி, சீமெந்து படாத இடத்தில், அதே வரிசைச் செங்கல்லை நகத்தால் கீறினாலும் அசையவில்லை. இந்தத் துண்டுக்கு நேர்ந்ததை முழுக் கட்டடத்துக்கும் செய்யத்தான் இப்போது ஒப்பந்தம் கொடுத்திருக்கிறீர்கள்.

ஊரார் வங்கிக் கட்டடம் என்று அழைத்தாலும் அது வங்கிக்காகக் கட்டப்பட்டதல்ல. வணிகக் குடும்பமொன்றின் வீடும் பண்டகசாலையும் அது என்பது, சுவர்களைப் படிக்கத் தெரிந்த எவருக்கும் விளங்கும். தெருவைப் பார்த்த நீண்ட விறாந்தை, இப்போது கூரையிட்டு மூடிய நடுமுற்றம், மூட்டை சுமந்தவர்கள் நிமிர்ந்தே நுழையும்படி உயர்த்திய பின்வாசல், முதிரை மர உத்தரங்கள். வங்கி பிறகு வந்து குடியேறியிருக்கிறது. முற்றத்தின் வடபக்கத் தூண் வரிசையில் ஒரு தூண் சுவருக்குள் பாதி புதைந்து நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தச் சுவர்தான் பெட்டக அறையின் சுவர். இரண்டு அறைகளின் நடுச்சுவரை எடுத்து, யன்னல்களைக் கல் வைத்து அடைத்து, இரும்புக் கதவைப் பொருத்தியிருக்கிறார்கள். தூணை வெட்டாமல் அதைச் சுற்றியே சுவரை எழுப்பிய அந்த மேசனின் கையை நான் மதிக்கிறேன். உங்கள் புதிய வரைபடத்தில் தூணும் இல்லை, அறையும் இல்லை. அந்த இடத்தில் வாடிக்கையாளர் இருக்கைகள் போட்டிருக்கிறார்கள்.

வீடு வங்கியானதற்குப் பின்னால் இந்த நாட்டின் கதை ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்த வங்கிகள் கோப்பித் தோட்டங்களுக்காகவும் ஏற்றுமதிக்காகவும் வந்தவை. கோப்பியை நோய் அழித்தது. 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி முறிந்தது. அதன் நோட்டுகள் மக்கள் கையில் பணமாகப் புழங்கியதால் ஆளுநர் ஆர்தர் கோர்டன் அவற்றுக்கு அரசின் உத்தரவாதத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. வங்கி நோட்டுகளுக்குப் பதிலாக அரசு நோட்டு வந்தது அதன் பிறகுதான். நெல் விதைக்கிறவனுக்கும் சிறு வணிகனுக்கும் வங்கிக் கதவு அதற்குப் பிறகும் நெடுங்காலம் திறக்கவில்லை. 1934இல் இந்திய வங்கியாளர் பொச்கன்வாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்தது, 1939இல் இலங்கை வங்கி, 1961இல் மக்கள் வங்கி. நம்மைப் போன்ற ஊர்களில் வங்கி பரவலாகக் கால் ஊன்றியது இந்த வரிசையில்தான். பெரிய தூண்களோடு புது மாளிகை எழுப்ப இங்கே யாரும் காத்திருக்கவில்லை. கையில் கிடைத்த உறுதியான வீட்டில் இரும்புக் கதவைப் பொருத்தி வேலையைத் தொடங்கினார்கள்.

அந்த விறாந்தை வாங்கில்தான் பெரும்போக அறுவடை முடிந்து வந்த வாவியின் மேற்குக்கரையான படுவான்கரையின் நிலக்காரப் போடிமாரும், காத்தான்குடி, ஏறாவூர் வணிகர்களும், காப்பை ஈடு வைக்க வந்த தாய்மாரும், ஓய்வூதியம் எடுக்க வந்த ஆசிரியர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். தமிழர், முஸ்லிம்கள் என்று பிரிந்து பேசுகிற காலங்களிலும் அந்த வாங்கு பிரியவில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி ஊரின் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. பிறகு போர் வந்தது. அத்தனையையும் தாண்டி நின்ற சுவர் ஒரு பராமரிப்புத் திட்டத்தால் விழக்கூடாது.

சட்டம் இதைக் காக்கும் என்று மாநகர சபை ஒதுங்கியிருக்க முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையே இயல்பாகப் புராதனச் சின்னமாகக் கொள்கிறது. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய நம் கோட்டை அதற்குள் அடங்கும். அதன் பிறகு எழுந்த வீடுகளும் கடைகளும் அடங்கா. நூறாண்டு நிறைந்தவற்றை அமைச்சர் வர்த்தமானியில் தனியாக அறிவித்தால்தான் உண்டு. தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே காணி பறிபோகுமோ என்று கிழக்கில் மக்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணங்களும் இருக்கின்றன. ஆகவே இந்தக் கட்டடத்தின் காவல் அதன் உரிமையாளரான உங்களிடமும், கட்டட அனுமதி கொடுக்கிற சபையிடமும்தான் இருக்கிறது.

செய்ய முடியாத ஒன்றைக் கேட்கவில்லை. கொழும்புக் கோட்டையில் 1914இல் கட்டிய சென்ரல் பொயின்ற் கட்டடம் 1996 ஜனவரி 31 குண்டுவெடிப்பில் சேதமடைந்தது. மத்திய வங்கி அதை அதன் தூண்களோடு மீட்டெடுத்து, இன்று அங்கே பொருளாதார வரலாற்று நூதனசாலையை நடத்துகிறது. குண்டு பட்ட கட்டடத்துக்குச் செய்ய முடிந்ததை ஈரம் பட்ட கட்டடத்துக்குச் செய்ய முடியாதா?

சாந்து கொத்தும் வேலையை இன்றே நிறுத்துங்கள். மாரி மழைக்கு முன் உண்மையில் அவசரமானது கூரைதான்: தென்மூலையில் ஓடு விலகி உத்தரத்தின் தலைப்பில் நீர் இறங்குகிறது, அதைச் சரிசெய்ய ஒரு தச்சரும் சில ஓடுகளும் போதும். சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே போடுங்கள். அதற்காகச் சுண்ணாம்பு சுடக் கடலில் முருகைக்கல் எடுக்க வேண்டியதில்லை, எடுக்கவும் கூடாது. சுண்ணாம்பு மூட்டையாகவே கடையில் கிடைக்கிறது. பூசத் தெரிந்த முதிய மேசன்மார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு இளையவர்கள் சிலரையும் வேலைக்கு எடுத்தால் தொழிலும் கைமாறும். காசு எடுக்கும் இயந்திரத்தையும் குளிரூட்டிய மண்டபத்தையும் பின்வளவில் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம், அங்கே இடம் தாராளமாக இருக்கிறது. பெட்டக அறையைத் தொடாதீர்கள்.

முன்பக்கத்தையும் முற்றத்தையும் பெட்டக அறையையும் நான் அளந்து வரைந்து வைத்திருக்கிறேன். உங்கள் பொறியியலாளர் கேட்டால் படங்களைக் கட்டணமின்றிக் கையளிப்பேன், சுவர் சுவராகக் கூட வந்து காட்டவும் தயார். சாரம் நிற்கும்போதே பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞர்,
மட்டக்களப்பு.