சமணர் மலை நடை: ஜனவரி 18, ஞாயிறு

வணக்கம் பெற்றோர்களே. ஞாயிறு காலை 6.15-க்கு மதுரை பக்கத்தில் உள்ள கீழக்குயில்குடி ஐயனார் கோயில் ஆலமரத்தடியில் கூடுகிறோம். மலைமேல் சமணச் சிற்பங்கள் உள்ள பேச்சிப்பள்ளம் வரை ஏறி, 9 மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். அதற்குமேல் பாறை சுடும். மலையின் இன்னொரு பக்கத்துக் குகையான செட்டிப்புடவு இந்தமுறை இல்லை.

1. ஆளுக்கு 1 லிட்டர் தண்ணீர். சின்னவர்களுக்கு அரை மணிக்கு ஒருதரம் நீங்களே கொடுங்கள். விளையாட்டில் கேட்க மாட்டார்கள்.

2. பின்பட்டி உள்ள செருப்பு அல்லது ஷூ. பாறையில் வெட்டிய படிகளில் பொடிமணல் கிடக்கும், வழுக்குவது அதனால்தான். ஏறும்போது பெரியவர் பின்னால், இறங்கும்போது முன்னால். தேவைப்பட்டால் குழந்தைகள் உட்கார்ந்தே இறங்கட்டும், கால்சட்டை போனால் போகட்டும்.

3. பொடி தடவிய இட்லி போதும், டப்பாவில். சட்னி வேண்டாம். கையில் கவர் தெரிந்தால் குரங்கு பிடுங்கும்.

4. சென்ட் வேண்டாம். பாறை இடுக்கில் தேன்கூடு தெரிந்தால் சத்தமில்லாமல் விலகுங்கள்.

5. தீர்த்தங்கரர் (சமண குருமார்) சிற்பங்களையும், பாறையில் வெட்டிய வட்டெழுத்தையும் (பழைய தமிழ் எழுத்து) தொடாமல் பார்க்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. காலைச் சாய்வெயிலில் எழுத்து நன்றாகத் தெரியும். நோட்டு, பென்சில் கொடுத்துவிடுங்கள்.

வருபவர்கள் வெள்ளி மாலை 6-க்குள் பெரியவர் எண்ணிக்கை, குழந்தைகள் வயது, காரில் காலி இடம் மூன்றையும் இங்கே பதிவிடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.