ஜேம்ஸ் வில்சனை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபர் தேர்தல் முறை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் எல்லோருமே மக்களை நம்பாதவர்கள் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார் கட்டுரையாளர். பென்சில்வேனியா வழக்கறிஞர் ஜேம்ஸ் வில்சனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

அதிபரை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று, அரசியல் சட்டத்தை எழுதக் கூடிய பிலடெல்பியா மாநாட்டில் 1787 ஜூன் தொடக்கத்திலேயே சொன்னவர் அவர். அது எடுபடவில்லை என்றதும், மக்கள் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுக்கட்டும், அவர்கள் அதிபரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று மறுநாளே இறங்கி வந்தார். அதையும் தள்ளிவிட்டார்கள். ஆனால் செப்டம்பரில் சுற்றி வளைத்து ஏறக்குறைய அங்கேதான் வந்து நின்றார்கள். ஆக, கட்டுரையாளர் திட்டித் தீர்க்கும் தேர்வாளர் குழுவுக்கு வித்திட்டவரே நேரடித் தேர்தல் கேட்டவர்தான்.

அதற்காக அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கலாம் என்று அதே மாநாட்டில் முன்மொழிந்தவரும் அவரே. ஒரு மாநிலத்துக்கு எத்தனை தேர்வாளர்கள் என்பது மக்கள்தொகையையும் பொறுத்தது என்பதால், அடிமைகள் நிறைந்த தென் மாநிலங்களுக்கு அதிபர் தேர்தலில் கூடுதல் பலம் கிடைத்தது அந்தக் கணக்கால்தான். கட்டுரையில் இதுவும் விடுபட்டிருக்கிறது.

ஸ்காட்லாந்திலிருந்து இருபது வயதுகளில் வந்திறங்கி, பிலடெல்பியா வழக்கறிஞர் ஜான் டிக்கின்சனிடம் சட்டம் பயின்றவர் வில்சன். சுதந்திரப் பிரகடனம், அரசியல் சட்டம் இரண்டிலும் கையெழுத்திட்ட ஆறு பேரில் ஒருவர். இருந்தும் ஊரில் நல்ல பெயர் இல்லை. சுதந்திரப் போரின்போது பிரிட்டன் பக்கம் சாய்ந்ததாகத் தேசத்துரோக வழக்கில் சிக்கியவர்களுக்காக வாதாடினார். விலைக் கட்டுப்பாட்டையும் எதிர்த்தார். விலைவாசியால் கொதித்துப்போயிருந்த குடிப்படையினர் (சாதாரணக் குடிமக்களைக் கொண்ட உள்ளூர்ப் படையினர்) 1779 அக்டோபரில் துப்பாக்கிகளோடு அவர் வீட்டைச் சூழ்ந்தனர். வில்சனும் நண்பர்களும் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தார்கள். இரு தரப்பிலும் உயிர்கள் போயின. குதிரைப்படை வந்த பிறகே கூட்டம் கலைந்தது. அந்த மக்களுக்குத்தான் எட்டே ஆண்டுகளில் ஓட்டுரிமை கேட்டு அவர் வாதாடினார்!

1789இல் வாஷிங்டன் அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கினார். நிலம் வாங்கிப்போடும் பித்து மட்டும் விடவில்லை. 1796-97 நிதி நெருக்கடியில் கடன் கழுத்தை இறுக்கியது. பதவியில் இருந்தபடியே இரண்டு முறை கடனுக்காகச் சிறை சென்றார். இரண்டாம் முறை உள்ளே தள்ளியவர், அரசியல் சட்டத்தில் அவரோடு கையெழுத்திட்ட பியர்ஸ் பட்லர்! 1798 ஆகஸ்டில் வட கரோலைனாவின் ஈடன்டன் ஊரில், 55 வயதில், நீதிபதியாகவே இறந்தார்.

அடுத்த பகுதியில் அவருக்கு இரண்டு பத்தியாவது ஒதுக்கச் சொல்லுங்கள். கடன் கதையை விட்டாலும் பரவாயில்லை, 1787 ஜூன் விவாதத்தை விட்டுவிட வேண்டாம்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்