மலைக்கிராமத்துச் சிறு சபைக்கு எங்கள் நன்றி

அன்பிற்குரிய நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும்,

எங்கள் வீட்டிற்கு மின்சாரம் திரும்பிவிட்டது. கிணற்று மோட்டாரும் ஓடுகிறது. ஹெலீன் புயலுக்குப் பின் வட கரோலினாவின் மேற்கு மலைப்பகுதி எப்படி இருந்தது என்பதை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. சார்லட்டிலிருந்தும் ராலியிலிருந்தும் உடைந்த சாலைகளைச் சுற்றிக்கொண்டு அடுப்பும் அரிசியும் கொண்டுவந்த தமிழ் நண்பர்களுக்கும், விழுந்த மரங்களை அறுத்து வழியமைத்த தன்னார்வத் தீயணைப்பு வீரர்களுக்கும், அம்மாவின் மாத்திரைகளைத் தேடிப் பிடித்துத் தந்த மருந்தாளுநருக்கும் முதற்கண் என் நன்றி.

இம்மடலில் நான் அதிகம் சொல்ல விரும்புவது எங்கள் பள்ளத்தாக்கிலுள்ள எபிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) ஆலயத்தைப் பற்றித்தான். அங்கே ஞாயிறன்று முப்பது பேர் கூடினால் அதிகம். முழுநேரக் குருவானவரை வைத்துக்கொள்ளும் வசதி சபைக்கு இல்லாததால், அக்கம்பக்கத்துச் சபைகளையும் கவனிக்கும் குருவானவர் ஒருவர் மாதம் இருமுறை வந்து நற்கருணை ஆராதனை நடத்துவார். மற்ற ஞாயிறுகளில் சபையாருள் ஒருவரே 1979 ஆம் ஆண்டின் ஜெபப்புத்தகத்தைத் திறந்து காலை ஆராதனையை நடத்துவார். சேகரக் குருவானவர் பல ஊர்களைச் சுற்றிவர, உள்ளூரில் உபதேசியார் ஆராதனை நடத்தும் நெல்லைச் சீமையில் வளர்ந்த அம்மாவுக்கு இந்த ஏற்பாடு சிறிதும் அந்நியமாகத் தெரியவில்லை.

புயலுக்கு அடுத்த ஞாயிறு, செப்டம்பர் 29, மிகாவேல் தூதரின் திருநாள். வரமுடிந்தவர்கள் விளக்கும் ஆர்கனும் இல்லாமல் ஆராதித்துவிட்டு, யாரெல்லாம் வரவில்லை என்று எழுதிப் பிரித்துக்கொண்டு அவரவர் வீடுகளைத் தேடிப் புறப்பட்டார்கள். சபை சிறியதாக இருப்பதில் இந்த ஒரு நன்மை உண்டு: வராதவரின் இடம் உடனே கண்ணில் படும். எங்கள் வீடு யாருடைய பங்கில் வந்ததோ, அவர் கிறிஸ்துமஸ் மரம் வளர்க்கும் ஒரு முதிய விவசாயி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன்.

குடிநீர்ப் புட்டிகள் எங்களுக்குப் பல திசைகளிலிருந்தும் வந்து குவிந்தன. புழங்குவதற்குத்தான் தண்ணீர் இல்லை. கழிவறைக்குக் காகிதம் மட்டும் போதும் என்பதை எழுபது வயதைக் கடந்த அம்மாவால் ஏற்கவே முடியவில்லை, அதை வாய்விட்டுச் சொல்லவும் கூசினார். அந்த விவசாயி தம் வண்டியில் ஓடைநீரை வாளிகளில் கொண்டுவந்து, கதவைத் தட்டாமல், காலைதோறும் வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஒருநாள் அவருடன் வந்த அவர் மனைவி (ஆலயப் பீடத்துத் துணிகளைத் துவைத்துத் தேய்ப்பவர்) அம்மா புட்டித் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு தடுமாறி உள்ளே போவதைக் கண்டார். எதுவும் கேட்கவில்லை. மறுநாள் வாளிக்குள் கைப்பிடி வைத்த ஒரு சமையலறை அளவுக் குவளை மிதந்தது. "இவுக வீட்டுலயும் பெரியவுக இருந்திருப்பாக" என்றார் அம்மா. அதன் பிறகுதான் அவர் வேளாவேளைக்குத் தண்ணீர் குடிக்கவும் சாப்பிடவும் தொடங்கினார்; அதுவரை எதனால் குறைத்துக்கொண்டார் என்பது எனக்கும் அப்போதுதான் விளங்கிற்று.

இத்தகைய நாட்டுப்புறச் சபைகள் இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று வருகைப் பதிவேட்டை வைத்துக் கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. கூரைச் செலவும் குளிர்காலத்து வெப்பமூட்டும் செலவும் உண்மையானவை, ஆகவே அந்தக் கணக்கை நான் குறை கூறமாட்டேன். ஆனால் எங்களைத் தேடி வந்தது அந்தப் பதிவேட்டில் மிகச் சிறியதாகத் தெரியும் ஒரு சபைதான்.

அம்மாவின் நெல்லைச் சீமையிலேயே, வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912 இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற பெயர் பெற்ற வேதநாயகம் சாமுவேல் அசரியாவை எபிஸ்கோப்பல் திருச்சபை ஜனவரி 2 அன்று நினைவுகூர்கிறது. இதைக் கேட்ட நாள்முதல் அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. அதையொட்டி வரும் ஞாயிறன்று, காரத்தைக் குறைத்து, சபையார் அனைவருக்கும் எங்கள் வீட்டார் செலவில் நம் ஊர் முறைப்படி அசனம் (சபை விருந்து) போடுவதென்று தீர்மானித்திருக்கிறோம். இனி ஆண்டுதோறும் அது நடக்கும். சார்லட் நண்பர்களுள் பெரிய சோற்றுப்பானை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே தெரிவிக்கவும்.