152 அடிக்குச் சட்டம் கேட்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதியில் நடந்த ஒரு கூட்டத்தின் செய்தியைத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படித்தேன். ஜல்லிக்கட்டுக்குச் சட்டம் போட்டதைப் போல, முல்லைப்பெரியாறில் 152 அடி தேக்கவும் நம் சட்டமன்றம் ஒரு சட்டம் போட வேண்டும் என்று அங்கே ஒருவர் பேசியிருக்கிறார். பலத்த கைதட்டல் என்றும் செய்தி சொல்கிறது.

152 அடி எனக்கும் வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் என் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கரும் சேர்த்தி. ஜூன் மாதம் அணை திறக்கும் தேதி தெரிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் நாற்றங்கால் பேச்சே எழும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன்: தயவுசெய்து அந்தச் சட்டத்தைக் கேட்க வேண்டாம். கேட்டால், நாம் ஜெயித்த வழக்கின் அஸ்திவாரத்தை நாமே தோண்டியவர்களாவோம்.

சமூக அறிவியல் ஆசிரியையாக முப்பது வருஷம் வேலை பார்த்தேன். 2017 பிப்ரவரியில், ஜல்லிக்கட்டுச் சட்டம் வந்த சூட்டில், ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்தான். வீட்டில் வாடிவாசல் காளை வளர்க்கிற பையன். "டீச்சர், பெரியாறு தீர்ப்பும் ஜல்லிக்கட்டுத் தீர்ப்பும் ஒரே நாள்ல வந்துச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? ஒண்ணுக்கு வெடி போட்டோம், இன்னொண்ணுக்கு ரோட்டுல உக்காந்தோம். தீர்ப்பு பிடிக்கலன்னு கேரளாக்காரங்க சட்டம் போட்டாத் தப்பு, நாம போட்டாச் சரியா?" என்றான்.

அவன் சொன்னது உண்மை. இரண்டு தீர்ப்புகளும் 2014 மே 7 அன்று, ஒரே உச்ச நீதிமன்றத்தில் வந்தவை. ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது இரண்டு நீதிபதிகள் அமர்வு. தலைமை நீதிபதி லோதா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, கேரளத்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் முல்லைப்பெரியாறு அணைக்குச் செல்லாது என்றது. அந்தக் கேள்விக்கு அன்று நான் முழுப் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே சரி. புத்தகத்தில் இருந்த சட்டமியற்றும் துறை, நிர்வாகத் துறை, நீதித் துறை என்ற மூன்று கட்டங்களைப் பலகையில் வரைந்துவிட்டு மணி அடித்ததும் வந்துவிட்டேன். பிறகு பல நாள் யோசித்தபோது பதில் எங்கள் வயல் மடையிலேயே கிடந்தது.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது மேல்வயல்காரர்களோடு அப்பாவுக்கு ஒரு வழக்கு. எங்கள் மடைக்கல்லைப் புதிதாக மாற்றி அகலமாக்கிவிட்டோம், அதனால் தண்ணீர் அதிகம் போகிறது என்பது அவர்கள் புகார். முன்சீப் கோர்ட்டிலிருந்து வக்கீல் ஒருவர் கமிஷனராக வந்து, சேற்றில் இறங்கிக் கல்லைப் பார்த்தார், அளந்தார், நாலு பெரியவர்களை விசாரித்தார். கல் பழையது, அகலம் ஒன்றரைச் சாண் என்று அறிக்கை கொடுத்தார். அதன்படியே தீர்ப்பும் வந்தது. ஒரு மாதத்துக்குள் ஆயக்கட்டுக்காரர்கள் கூட்டம் போட்டு, அந்தக் கல் புதுசு, இனி ஒரு சாண்தான் என்று தீர்மானம் போட்டார்கள். அப்பா அதிர்ந்து பேசாத மனிதர். அன்று கூட்டத்தில் எழுந்து, "கல்லு பழசா புதுசான்னு கோர்ட்டு பாத்துச் சொல்லிருச்சு. அதக் கை தூக்கி மாத்த முடியாது. ஒப்புக்கலேன்னா மேல்கோர்ட்டுக்குப் போங்க" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து மழை பொய்த்தது. அதே ஆயக்கட்டுக் கூட்டம், தலைமடையிலிருந்து கடைமடை வரைக்கும் எல்லா மடைக்கும் முறைத்தண்ணீர் வைத்தது. மூன்று நாளைக்கு ஒரு தடவை, அதுவும் எங்களுக்கு ராத்திரி முறை. பழைய தீர்மானத்தைவிட இதில் எங்களுக்கு நஷ்டம் அதிகம். அப்பா மறுபேச்சில்லாமல் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு தண்ணீர் கட்டப் போனார். அன்றைக்குச் சண்டை போட்டீர்களே, இப்போது ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "அது என் கல்லப் பத்திச் சொன்ன பொய். இது எல்லா மடைக்கும் போட்ட முறை. முறை போடுறது அவங்க வேலைதான பாப்பா" என்றார்.

2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், நிபுணர்களின் அறிக்கைகளைப் பார்த்து, அணை பாதுகாப்பாக இருக்கிறது, 142 அடி தேக்கலாம் என்றது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, மார்ச் 18 அன்று கேரளத்தின் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆபத்தான அணைகள் என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் முல்லைப்பெரியாறைச் சேர்த்து, 136 அடிக்கு மேல் கூடாது என்றார்கள். கல் பழசு என்று கோர்ட்டு சொன்ன பிறகு, புதுசு என்று கை தூக்கிய கதைதான் இது. சாட்சியம் பார்த்து நீதிமன்றம் கண்ட ஓர் உண்மையை, சட்டமன்றம் எதிர்மாறாக அறிவித்துவிட முடியாது, அது நீதிமன்றத்தின் வேலையில் கை வைப்பது என்பதுதான் 2014 தீர்ப்பின் சாரம். அரசியலமைப்பில் அதிகாரப் பிரிவினை என்று தனியாக ஒரு பிரிவு எழுதி வைக்காவிட்டாலும் அது அதன் ஆழத்தில் ஊன்றியிருக்கிறது என்றும் ஐந்து நீதிபதிகளும் சொன்னார்கள். காவிரியிலும் நாம் இதைப் பார்த்திருக்கிறோம். 1991இல் நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை முடக்கக் கர்நாடகம் அவசரச் சட்டம் போட்டபோது, அதுவும் அரசியலமைப்புக்கு விரோதம் என்று அந்த ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது.

ஜல்லிக்கட்டில் நடந்தது வேறு. 2014இல் நீதிமன்றம் தடை விதித்தது, 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் அப்போது இருந்த வடிவத்தை வைத்து. 2017இல் நம் சட்டமன்றம் அந்தத் தீர்ப்பு தப்பு என்று அறிவிக்கவில்லை. மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ள அந்த விஷயத்தில், சட்டத்தையே தமிழ்நாட்டுக்குத் திருத்தியது. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் என்பதால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. எப்படி நடத்த வேண்டும் என்று விதிகளும் வந்தன. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை ஆராய்ந்து, முந்தைய தீர்ப்பு சுட்டிய குறைகள் புதிய சட்டத்தாலும் விதிகளாலும் நீங்கிவிட்டன என்று ஏற்றுக்கொண்டது. இது முறைத்தண்ணீர் வைத்தது.

ஆகவே, 152 அடிக்குச் சட்டம் என்பது எந்த வகை? அணை தாங்குமா தாங்காதா என்பதைக் கை தூக்கி முடிவு செய்கிற வகை. கேரளம் 2006இல் செய்த அதே பிழை. அதிலும் ஒரு படி மேலே, அணை இருப்பது இடுக்கி மாவட்டத்தில். நம் சட்டமன்றத்தின் சட்டம் நம் எல்லைக்குள்தான் செல்லும் என்பது அரசியலமைப்பின் 245ஆவது பிரிவு. குமுளி செக்போஸ்ட் தாண்டினால் செல்லாத சட்டத்துக்கு இத்தனை கைதட்டலா?

எனக்கு இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் தேயிலைத் தோட்ட லயத்தில் என் சித்தி குடும்பம் மூன்று தலைமுறையாக இருக்கிறது. அவர்களும் தமிழர்கள்தான். மழைக்காலத்தில் அணை மட்டம் டிவியில் ஓடும்போதெல்லாம் சித்தி மகள் போன் செய்வாள். அவளுடைய பயத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பயத்துக்கும் என் நாற்றங்காலுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல, ஓட்டுக் கேட்க வேண்டிய அவசியமில்லாத ஒருவர் வேண்டும், அவர் முன்னால் பொறியாளர்கள் அளவோடு பேச வேண்டும். அந்த இடத்தைத் திருவனந்தபுரமோ சென்னையோ எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 2011 டிசம்பரில் பார்த்தோம். குமுளிப் பாதை அடைபட்டு, ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற எங்கள் ஊர்ப் பெண்கள் கூலியில்லாமல் வீட்டில் உட்கார்ந்த நாட்கள் அவை.

அரசியலமைப்பில் அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் இருக்கின்றன, வகுப்பில் எனக்குப் பிடித்தவை. 211: நீதிபதிகள் தம் கடமையில் நடந்துகொண்ட விதத்தை மாநிலச் சட்டமன்றத்தில் விவாதிக்கக் கூடாது. 212: நடைமுறைக் குறை என்று சொல்லி சட்டமன்ற நடவடிக்கையை நீதிமன்றம் கேள்வி கேட்கக் கூடாது. ஒரே வரப்பின் இரண்டு பக்கம். வரப்பை வெட்டுகிறவர் நம் ஆளாக இருந்தாலும் மடை உடைவது உடைவதுதான்.

வழி இல்லாமல் இல்லை. பெரிய அணையை ஒட்டிய சிறிய துணை அணையான பேபி அணையைப் பலப்படுத்திய பிறகு 152 அடியை நிபுணர்கள் ஆராயலாம் என்று 2006 தீர்ப்பிலேயே கதவு திறந்திருக்கிறது. அந்த வேலைக்கு 15 மரங்களை வெட்ட 2021 நவம்பரில் கேரளம் அனுமதி கொடுத்து, சில நாளிலேயே திரும்பப் பெற்றது. இது நிர்வாகத்தின் காரியம். கைதட்டுகிற கூட்டம் அழுத்தம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான்: எந்த அனுமதி எந்த மேசையில் நிற்கிறது என்று வாராவாரம் கேட்க வேண்டும். தங்கள் நிருபர்களும் அதைக் கேட்டு எழுத வேண்டும்.

ஆசிரியரிடம் ஒரு விண்ணப்பம். 2014 மே 7 தீர்ப்பில் கேரளச் சட்டம் ஏன் செல்லாது என்று விளக்கும் பத்திகளையும், 2023 தீர்ப்பில் ஜல்லிக்கட்டுச் சட்டம் ஏன் செல்லும் என்று விளக்கும் பத்திகளையும் எளிய தமிழில் ஒரே பக்கத்தில் அருகருகே வெளியிடுங்கள். அன்று கேள்வி கேட்ட பையன் இப்போது ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறான். காளையும் வைத்திருக்கிறான். விடிகாலை நாலரை மணிக்கு டீக்கடை வாசலில் ஆள் ஏறக் காத்திருக்கும்போது உங்கள் பேப்பரைத்தான் படிக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியை,
கூடலூர், தேனி மாவட்டம்.