கல்யாணத்தையே காணோம்: ‘தி பிராடி பன்ச்’ தொடர் குறித்துப் புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: முழுத்தொடர் என்று விளம்பரம் செய்துவிட்டு, முதல் எபிசோட் இல்லாமலும் காட்சிகளை வெட்டியும் வெளியிட்டிருப்பது

ஐயா / அம்மா,

‘தி பிராடி பன்ச்’ என்ற பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் ஐந்து சீசனும், 117 எபிசோடும் உங்கள் ஓடிடி தளத்தில் முழுமையாக இருப்பதாக நீங்கள் செய்த விளம்பரத்தை நம்பித்தான் ஆண்டுச் சந்தா கட்டினேன். திறந்து பார்த்தால் முதல் எபிசோடே இல்லை. பட்டியல் இரண்டாவதில் தொடங்குகிறது.

போனால் போகிறது என்று விடக்கூடிய எபிசோட் இல்லை அது. 1969 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்த அதில்தான் கல்யாணமே நடக்கிறது. மணமகன் மைக் மனைவியை இழந்தவர், மூன்று பையன்களின் அப்பா. மணமகள் கேரலுக்கு மூன்று பெண்கள். பையன்களின் நாய் பெண்களின் பூனையைத் துரத்தப்போய், கல்யாண விருந்தே அலங்கோலமாகிறது. பிள்ளைகளைக் கடிந்துகொண்டு தேனிலவுக்குப் போன இருவரும் மனசு கேட்காமல் அன்றிரவே திரும்பி வந்து, ஆறு பேரையும் வீட்டு வேலைகளைக் கவனிக்கும் ஆலிஸையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இதைப் பார்க்காதவர்களுக்கு இது வெறுமனே ஆறு பிள்ளைகள் உள்ள வீடு, அவ்வளவுதான்.

உங்கள் அறிமுகக் குறிப்பும் அப்படித்தான் சொல்கிறது: ‘ஆறு குழந்தைகளைப் பெற்ற தம்பதியின் கலகலப்பான கதை’. இது தவறு. அமெரிக்கத் திருமணங்களில் சுமார் 30 சதவீதத்தில் முந்தைய மணத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று 1966இல் நாளிதழில் வந்த ஒரு செய்தியைப் படித்துத்தான் ஷெர்வுட் ஷ்வார்ட்ஸ் இந்தத் தொடரையே யோசித்தார். அதை மறைத்துவிட்டு என்ன அறிமுகம்?

அடுத்தது நீளம். ஏறக்குறைய 25 நிமிடம் ஓட வேண்டியவை உங்களிடம் 22 நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. மறுஒளிபரப்பில் விளம்பரத்துக்கு இடம் விடுவதற்காகச் சுருக்கிய பிரதி போலிருக்கிறது. ஒன்பது கட்டங்களில் ஒன்பது முகங்கள் தோன்றும் தொடக்கப் பாடலும் தானாகவே தாண்டிப் போய்விடுகிறது. அப்படித் தாண்டுவதை நிறுத்தி வைக்க அமைப்புகளில் வழியே இல்லை.

எனக்கும் என் கணவருக்கும் இது மறுமணம். அவருடைய மகளும் என் மகனும் எங்களோடு ஒரே வீட்டில் வளர்கிறார்கள். தொடரின் ஒரு எபிசோடில் மைக்கின் கடைசி மகன் பாபி, சிண்ட்ரெல்லா கதையைப் பார்த்துவிட்டுச் சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று பயந்து வீட்டைவிட்டுக் கிளம்புவான். கேரலும் பெட்டியோடு வந்து, ‘நானும் உன்னோடு வருகிறேன்’ என்று நிற்பாள். அந்த எபிசோடை என் கணவரின் மகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதுவும் உங்களிடம் வெட்டுப்பட்டுத்தான் கிடக்கிறது. நம் சீரியல்களில் மாற்றாந்தாய் என்றால் பெரும்பாலும் வில்லிதான். எங்களைப் போன்ற வீடுகளுக்கு இப்படியொரு தொடர் கிடைப்பது அரிது.

அரட்டைச் சேவையில் முறையிட்டேன். ‘செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள்’ என்று பதில் வந்தது. இல்லாத எபிசோட் அதனால் எப்படி வரும்?

முதல் எபிசோடைச் சேருங்கள். வெட்டப்படாத பிரதியைப் போடுங்கள். அறிமுகக் குறிப்பைத் திருத்துங்கள். முடியாதென்றால் ‘முழுத்தொடர்’ என்ற விளம்பரத்தை எடுத்துவிட்டு என் சந்தாவைத் திருப்பித் தாருங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் இந்தப் புகாருக்கு ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன். தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். பணம் கட்டிய ரசீதையும் விளம்பரத்தின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்
மதுரை