தோரோவின் கணக்குப் புத்தகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் தோரோ பற்றிய கட்டுரை, அவரை ஊர் உறவை உதறிக் காடு புகுந்த முனிவராகக் காட்டுகிறது. வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் நிலம் தேடுகிறவர்கள் அவர் பெயரை அடிக்கடி சொல்லும் காலம் இது. அவர்களாவது விவரம் தெரிந்து இறங்கட்டும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு ஊருக்கும் வால்டன் குளத்துக்கும் ஒன்றரை மைல்தான். குளக்கரையை ஒட்டியே ரயில் ஓடியது. அந்தக் கரையில் தோரோ வீடு கட்டிய இடம் அவர் நண்பரும் சிந்தனையாளருமான எமர்சனுடையது, கோடரி இரவல், வீட்டுச் சட்டத்தைத் தூக்கி நிறுத்தியது நண்பர்கள். இரண்டொரு நாளுக்கு ஒருமுறை தோரோ ஊருக்குள் போய் வம்பளப்பைக் கேட்டு வருவார். 1845 ஜூலை 4 அன்று குடியேறியவர், 1847 செப்டம்பர் 6 அன்று கிளம்பிவிட்டார். இதில் பெரும்பாலானதை அவரே ‘வால்டன்’ நூலில் எழுதியிருக்கிறார். அவர் வாசகர்களை ஏமாற்றியதாகச் சொல்வோரும் அந்த நூலைப் படித்ததாகத் தெரியவில்லை.

எமர்சன் 1841-ல் வெளியிட்ட ‘தற்சார்பு’ கட்டுரையில் குடிசையும் கிடையாது, தோட்டமும் கிடையாது. ஊர் என்ன சொல்லுமோ என்று தயங்காமல் உன் அறிவுக்குப் பட்டதை நம்பு என்பதே அதன் சாரம். அதைக் காசுக் கணக்கில் உரசிப் பார்த்தவர் தோரோ. பிழைப்புக்கு உண்மையில் எவ்வளவு உழைப்பு போதும் என்பதே அவர் கேள்வி. ஆண்டுக்கு ஏறக்குறைய ஆறு வாரம் என்பது அவர் கண்ட விடை.

பத்தடிக்குப் பதினைந்தடி வீடு. மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். பழைய செங்கல் ஆயிரம் 4 டாலர், கண்ணாடியோடு பழைய ஜன்னல் இரண்டு 2.43, சுண்ணாம்பு இரண்டு பீப்பாய் 2.40 (விலை அதிகம் என்று பக்கத்திலேயே குறித்திருக்கிறார்), சாந்தில் கலக்க முடி 31 சென்ட் (தேவைக்கு மேல் வாங்கிவிட்டாராம்), சாக்கட்டி 1 சென்ட். பலகைக்காக ஒரு ரயில்பாதைத் தொழிலாளியின் குடிசையை 4.25 டாலருக்கு வாங்கிப் பிரித்தார். பலகைகளைப் புல்தரையில் பரப்பி, வெயிலில் வெளுக்கவும் வளைவு நிமிரவும் விட்டார். அவர் வண்டியில் சாமான் ஏற்றிப் போன நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் நல்ல ஆணிகளையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஆணிக்கு மட்டும் 3.90 டாலர் ஆனதில் அவருக்கும் பங்கு உண்டோ என்னவோ!

இந்தக் கணக்கைக் காட்டி மயங்குகிறவர்கள் இதில் இல்லாததையும் பார்க்க வேண்டும். மரம், கல், மணல் மூன்றும் இருந்த இடத்திலேயே காசில்லாமல் எடுத்தவை. சொந்த உழைப்புக்குக் கூலி போடவில்லை. புகைபோக்கி கட்டியது இலையுதிர் காலத்தில். சுவர்ப் பூச்சு குளிர் இறங்கிய பிறகுதான். அதுவரை பலகை இடுக்கில் காற்று தாராளமாக வந்துபோனது.

விவசாயத்தில் பாடம் இன்னும் கறாரானது. முதல் ஆண்டு இரண்டரை ஏக்கரில் பெரும்பாலும் பீன்ஸ். வரவு 23.44, செலவு 14.72½, மிச்சம் 8.71½ டாலர். செலவில் பாதிக்கு மேல், அதாவது 7.50 டாலர், வாடகைக்கு ஏர் அமர்த்தி உழுத செலவுக்கே போய்விட்டது. வளை தோண்டி வாழும் உட்சக் என்ற கொறிவிலங்கு கால் ஏக்கரைச் சுத்தமாக மேய்ந்தது. மறு ஆண்டு ஏரை விட்டுவிட்டு, தேவையான மூன்றிலொரு ஏக்கரை மட்டும் மண்வெட்டியால் கொத்தினார். கட்டுரையாளர் விட்டுவிட்ட முக்கியமான தகவல் இதுதான். பரப்பைக் குறைத்ததில்தான் அவருக்கு விடுதலை கிடைத்தது.

அதே வட்டாரத்தில் 1843-ல் அதே தத்துவத்தின் பேரில் பிரான்சன் ஆல்காட்டும் சார்லஸ் லேனும் தொடங்கிய ஃப்ரூட்லாண்ட்ஸ் பண்ணையை ஒப்பிட்டுப் பாருங்கள். உழவுக்கு மாடு கூடாது, கம்பளி ஆட்டுக்குச் சொந்தம், பருத்தி அடிமைகளின் உழைப்பு என்று விதிகள் ஏராளம். குடியேறியதே ஜூன் மாதம், விதைப்புக்குப் பிந்திவிட்டது. அறுவடை நேரத்தில் தலைவர்கள் சொற்பொழிவாற்றப் போய்விட்டார்கள். 1844 ஜனவரியில் பண்ணை கலைந்தது.

இயற்கையைத் தோரோ ‘வழிபட்டார்’ என்ற கட்டுரை வரியும் அரைகுறை. வால்டன் குளத்துக்கு அடியே இல்லை என்று ஊரார் நம்பினார்கள். 1846-ன் தொடக்கத்தில், பனிக்கட்டி உடையும் முன், திசைகாட்டி, அளவுச் சங்கிலி, ஆழக் கயிறு மூன்றோடும் இறங்கி நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஆழம் பார்த்தார். மீன்பிடி கயிற்று நுனியில் ஒன்றரை பவுண்டுக் கல். கல் தரையில் கிடக்கும்போது அதன் அடியில் நீர் இல்லை, இழுக்கக் கனக்கும். தரையை விட்டுக் கிளம்பியதும் நீர் புகுந்து தாங்கும், கயிறு இலகுவாகும். அந்த மாற்றம் கைக்குத் தெரியும். மிக ஆழமான இடம் 102 அடி. குளத்தின் மிக நீண்ட கோடும் மிக அகன்ற கோடும் அந்த இடத்திலேயே வெட்டிக்கொள்வதையும் வரைபடத்தில் கண்டார்.

கடைசியாக ஒரு பிழை. வால்டன் பனிக்கட்டி சென்னை வந்து இறங்கியதாகக் கட்டுரை அடித்துச் சொல்கிறது. இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸில், பனிக்கட்டி வணிகம் செய்த அமெரிக்க டியூடர் கம்பெனி இறக்கியது மாசசூசெட்ஸ் பனிக்கட்டிதான். ஆனால் சென்னை, பம்பாய், கல்கத்தா மக்கள் தன் கிணற்றில் நீர் குடிப்பதாகத் தோரோ எழுதியது அவர் மனக்கண்ணில் கண்ட காட்சி. 1846-47 குளிர்காலத்தில் வால்டனில் வெட்டி அடுக்கிய குவியல் சுமார் 10,000 டன். கால்பங்குகூட ஊர் போய்ச் சேராது என்பது வெட்டியவர்களின் கணக்கு. குவியலை மூடிய வைக்கோல் இறுக்கமாக இல்லாவிட்டால் எவ்வளவு குளிர்ந்த காற்றும் உள்ளே புகுந்து பொந்து போடும், குவியல் சரியும். மறு ஜூலையில் கூரையைப் பிரித்து ஒரு பகுதியை எடுத்துப் போனார்கள். மிச்சம் வெயிலில் கிடந்து 1848 செப்டம்பரில்தான் முழுக்க உருகியது என்று அவரே எழுதியிருக்கிறார். இணையப் பதிப்பிலாவது அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
தத்துவத் துறை ஆசிரியர் ஒருவர்,
மதுரை.